விடுதலையைப் பெயராகக் கொண்ட நகரம்: ஃபிரீடவுன்



ஓர் ஊரின் பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கும். இரண்டு ஆறுகள் கூடிய சேற்று முனையில் எழுந்தது கோலாலம்பூர். சிங்கத்தின் பெயரைச் சூடிக்கொண்டது சிங்கப்பூர். மேற்கு ஆப்பிரிக்காவில், அட்லாண்டிக் பெருங்கடலின் கரையில் உள்ள ஒரு தலைநகரம் விடுதலையையே தன் பெயராகக் கொண்டிருக்கிறது. அதுவே சியரா லியோன் நாட்டின் தலைநகரமாகிய ஃபிரீடவுன். ‘விடுதலை நகர்’ என்று நாம் அதனைத் தமிழில் சொல்லலாம்.

ஆப்பிரிக்கா என்றதும் நம் மாணவர் பலருக்குப் பாலைவனமும் காட்டு விலங்குகளுமே நினைவுக்கு வருகின்றன. அங்கே 200 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடைய நகரங்களும் கல்லூரிகளும் நூலகங்களும் இருப்பதை நாம் அவர்களுக்கு எடுத்துச் சொல்வது குறைவு. ஆகவே, இக்கட்டுரையில் ஃபிரீடவுன் நகரின் வரலாற்றுச் சின்னங்கள் சிலவற்றைக் காண்போம். அவற்றைக் காணும்போதே ஒரு வினாவையும் மனத்தில் வைத்துக்கொள்வோம். பெயரில் இருந்த விடுதலை, அம்மக்களின் வாழ்வில் எப்பொழுது வந்தது? அதனை அவர்களுக்குக் கொடுத்தவர் யார்?

சிங்க மலையும் துறைமுகமும்

1462-ஆம் ஆண்டு பெட்ரோ டி சிந்திரா என்னும் போர்த்துகீசிய மாலுமி இக்கரையோரமாகக் கப்பல் செலுத்தினார். கடலையொட்டி எழுந்து நின்ற மலைத்தொடருக்குச் ‘சிங்க மலை’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். அப்பெயரே திரிந்து பின்னாளில் சியரா லியோன் என்று நாட்டின் பெயராயிற்று.

நகரம் ஒரு தீபகற்பத்தின் வடமுனையில் அமைந்துள்ளது. ஒரு பக்கம் மலை. மறுபக்கம் கடலோடு கலக்கும் அகன்ற கழிமுகம். ஆழமும் அகலமும் உடைய அக்கழிமுகம், உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அனைத்துலக விமான நிலையம் கழிமுகத்தின் எதிர்க்கரையில் லுங்கி என்னுமிடத்தில் உள்ளது. விமானத்தில் வந்து இறங்குவோர் பலர் படகேறியே நகரை அடைகின்றனர். 2015-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர்.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இங்கு மக்கள் வாழ்ந்தனர். தெம்னே இனத்தவரின் சிற்றூர்கள் இக்கரையில் இருந்தன. விடுதலை நகரின் கதையில் இம்மக்களையும் நாம் மறந்துவிடக் கூடாது.

பன்ஸ் தீவு: விடுதலைக்கு அருகில் ஓர் அடிமைச் சந்தை

ஃபிரீடவுனிலிருந்து கழிமுகத்தின் வழியே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உள்ளே சென்றால் பன்ஸ் என்னும் சிறு தீவு வரும். அங்கே இடிந்த கோட்டை ஒன்று மரங்களுக்கும் கொடிகளுக்கும் நடுவே நிற்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி ஆங்கிலேயர் அங்கே அடிமை வணிகம் நடத்தினர். உள்நாட்டிலிருந்து பிடித்து வரப்பட்ட ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் அக்கோட்டையின் சுவர்களுக்குள் அடைக்கப்பட்டு, கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் பலர் வட அமெரிக்காவின் தென் கரோலினாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் கொண்டு செல்லப்பட்டனர்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. இக்கரையோர மக்கள் நெல் பயிரிடுவதில் வல்லவர்கள். தென் கரோலினாவின் சதுப்பு நிலங்களில் நெல் விளைவிக்க அவ்வறிவு தேவைப்பட்டது. நெல்லைத் தெய்வமாகப் போற்றும் நாம், நெல் பயிரிடத் தெரிந்திருந்ததே ஒரு மக்களுக்குக் கேடாய் முடிந்த செய்தியைப் படிக்கும்போது மனம் கலங்குகிறோம்.

இவ்வணிகத்தில் நம் மூதாதையர் நாட்டின் பொருளும் கலந்திருந்தது. மேற்கு ஆப்பிரிக்க அடிமை வணிகத்தில் மனிதருக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்ட பண்டங்களுள் துணி முதன்மையானது. அத்துணிகளுள் ஒரு பகுதி சோழமண்டலக் கரையின் தறிகளில் நெய்யப்பட்டது. தறியில் அமர்ந்திருந்த நெசவாளி, தன் துணி எங்கே எதற்கு மாற்றாகப் போகிறது என்று அறிந்திருக்க வழியில்லை.

ஃபிரீடவுன் தோன்றிய பிறகும் பன்ஸ் தீவின் வணிகம் நிற்கவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1807-இல் அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் வரை, ஒரே கழிமுகத்தில் விடுதலை நகரும் அடிமைக் கோட்டையும் அக்கம்பக்கமாக இருந்தன.

முதல் முயற்சி: 1787

அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் நின்ற கறுப்பினத்தவர் பலர், போர் முடிந்தபின் இலண்டன் தெருக்களில் வேலையின்றி வறுமையில் உழன்றனர். அவர்களுக்கு ஆப்பிரிக்காவில் ஒரு குடியேற்றம் அமைத்துக் கொடுக்கலாம் என்று கிரான்வில் ஷார்ப் என்னும் அடிமை ஒழிப்பாளர் திட்டமிட்டார். 1787-ஆம் ஆண்டு ஏறத்தாழ 400 பேர் கப்பலில் வந்து இறங்கினர்.

அவர்கள் வந்து சேர்ந்த மே மாதம், கடும் மழைக்காலம் தொடங்கும் நேரம். கூரை வேய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. காய்ச்சலாலும் பசியாலும் பலர் மாண்டனர். எஞ்சியவருள் சிலர் பிழைப்புக்காக அடிமை வணிகரிடமே வேலைக்குச் சேர நேர்ந்தது.

நிலத்தின் உரிமையும் தெளிவாக இல்லை. துணி, துப்பாக்கி, மது முதலிய பொருள்களைக் கொடுத்துத் தெம்னே தலைவர்களிடமிருந்து நிலத்தை வாங்கிவிட்டதாக ஆங்கிலேயர் எண்ணினர். தெம்னே மக்களோ, வந்தவர்க்குத் தங்கிப் பயிர் செய்ய இடம் கொடுத்ததாகவே கருதினர். 1789-இல் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் அருகிலிருந்த தலைவர் ஒருவரின் ஊரை எரித்தது. அதற்குப் பழிவாங்கும் வகையில் அத்தலைவர் குடியேற்றத்தைத் தீக்கிரையாக்கினார். முதல் முயற்சி அவ்வாறு முடிந்தது.

இலவ மரத்தடியில்: 1792

அமெரிக்கப் போருக்குப் பின் வேறு சில ஆயிரம் கறுப்பினத்தவர், பிரிட்டிஷ் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் குடியமர்த்தப்பட்டிருந்தனர். பிரிட்டிஷ் தரப்புக்குத் தப்பி வந்தால் விடுதலையும் நிலமும் உண்டு என்று அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டிருந்தது. விடுதலை கிடைத்தது, நிலமோ பலருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவர்க்கும் விளையாத பாறை நிலமே கிடைத்தது.

அவர்களுள் ஒருவர் தாமஸ் பீட்டர்ஸ். வட கரோலினாவில் அடிமையாக இருந்து, 1776-இல் தப்பி, பிரிட்டிஷ் படையில் பணியாற்றியவர். தம் மக்களின் குறைகளை எழுதி எடுத்துக்கொண்டு, கடல் கடந்து இலண்டனுக்கே சென்று முறையிட்டார். அங்கே அடிமை ஒழிப்பாளர்களைச் சந்தித்தார். அதன் பயனாக, ஜான் கிளார்க்சன் என்னும் இளம் கடற்படை அதிகாரியின் தலைமையில் 1792 சனவரியில் 15 கப்பல்கள் ஏறத்தாழ 1,200 பேரை ஏற்றிக்கொண்டு ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டன. அவ்வாண்டு மார்ச்சு மாதம் ஃபிரீடவுன் நகரம் உருவாயிற்று.

வந்திறங்கியவர்கள் கரையிலிருந்து மேலேறி, அங்கே நின்ற ஒரு மாபெரும் மரத்தடியில் கூடி இறைவனுக்கு நன்றி கூறினர் என்பது அந்நகரத்தின் மரபுச் செய்தி. அம்மரமே பிற்காலத்தில் ‘காட்டன் ட்ரீ’ என உலகறிந்த நகரச் சின்னமாயிற்று. நம்மிடையே அது புதிய மரம் அன்று. தலையணைக்குப் பஞ்சு தரும் நம் இலவ மரமே அது. மலாய்க்காரர் கெக்காபு என்பர். ஏறத்தாழ 70 மீட்டர் உயரம் வளர்ந்து, அரசுத் தலைவர் மாளிகையும் நீதிமன்றமும் சூழ நகரின் நடுவில் அது நின்றது. நாட்டின் பணத்தாளிலும் அதன் உருவம் இடம்பெற்றது. அதன் அடியில் 1957-இல் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

இலவ மரம் என்றதும் நம் பள்ளிகளில் கற்பிக்கும் ‘இலவு காத்த கிளி போல’ என்னும் உவமைத்தொடர் நினைவுக்கு வரும். காய் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குப் பஞ்சு பறந்து போனதுதான் மிச்சம். ஃபிரீடவுனில் குடியேறியவர்க்கும் அவ்வாறே நேர்ந்திருக்கக் கூடும். வரியில்லா நிலம் தரப்படும் என்று கிளார்க்சன் அவர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார். நகரை ஆண்ட சியரா லியோன் கம்பெனியோ அவ்வாக்கை ஏற்க மறுத்து, நிலவரி கேட்டது. தாமஸ் பீட்டர்ஸ் 1792-ஆம் ஆண்டிலேயே நோயுற்று இறந்தார். அவ்வாண்டு இறுதியில் கிளார்க்சனும் இங்கிலாந்து திரும்பிவிட்டார்.

ஆனால், அம்மக்கள் வாளா காத்திருக்கவில்லை. 1793-இல் தங்கள் சார்பாளர் இருவரை விண்ணப்பத்துடன் இலண்டனுக்கு அனுப்பினர். அவ்விருவருள் ஒருவர் ஐசக் ஆண்டர்சன். விண்ணப்பம் பயன் தரவில்லை. 1800-ஆம் ஆண்டு குடியேறியவர்களுள் ஒரு பிரிவினர் தங்களுக்கெனச் சட்டங்கள் எழுதி, கம்பெனியை எதிர்த்து எழுந்தனர். அவ்வெழுச்சி அடக்கப்பட்டது. ஐசக் ஆண்டர்சன் தூக்கிலிடப்பட்டார். அவர், விடுதலையைப் பெயராகக் கொண்ட நகரில், வாக்களித்த நிலத்தைக் கேட்டதற்காகத் தூக்குமேடை ஏறினார்.

மரூன் தேவாலயம்

அவ்வெழுச்சியை அடக்கக் கம்பெனிக்குக் கைகொடுத்தவர் யார் என்பதை அறிந்தால் வியப்பு ஏற்படும். ஜமைக்காத் தீவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி மலைகளில் வாழ்ந்து, பிரிட்டிஷ் படையை எதிர்த்துப் போரிட்டவர்கள் மரூன்கள். அவர்களுள் ஒரு பகுதியினர் நாடு கடத்தப்பட்டு நோவா ஸ்கோஷியா வழியாக 1800-இல் ஃபிரீடவுன் வந்து சேர்ந்தனர். ஏறத்தாழ 550 பேர். கப்பலிலிருந்து இறங்கியதும் அவர்கள் கையில் துப்பாக்கி கொடுக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட ஒரு கூட்டத்தைக் கொண்டே ஒடுக்கப்பட்ட மற்றொரு கூட்டத்தை அடக்குவது பேரரசுகளுக்குக் கைவந்த கலை. குடியேற்ற ஆட்சியின் வரலாற்றைப் படித்த நமக்கு அது விளங்கும்.

காலப்போக்கில் இரு கூட்டத்தாரும் அண்டை வீட்டாராகி, பெண் கொடுத்துப் பெண் எடுத்து ஒன்றாயினர். மரூன்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய புனித யோவான் தேவாலயம், நகரின் முதன்மைச் சாலையில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. வெள்ளை நிறத்தில், அளவில் மிகச் சிறிய கட்டடம் அது. அதன் கூரையைத் தாங்கும் மரங்கள் ஓர் அடிமைக் கப்பலிலிருந்து எடுக்கப்பட்டவை என்று ஊரார் சொல்வர்.

அரசர் முற்றத்தின் வாயில்

1808 சனவரி முதல் நாள், நகரம் கம்பெனியின் கையிலிருந்து பிரிட்டிஷ் அரசின் நேரடி ஆட்சிக்கு மாறியது. அடிமை வணிகம் தடைசெய்யப்பட்டுவிட்டதால், பிரிட்டிஷ் கடற்படை மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் சுற்றுக்காவல் மேற்கொண்டு அடிமைக் கப்பல்களைப் பிடித்தது. பிடிபட்ட கப்பல்கள் ஃபிரீடவுனுக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கிருந்த நீதிமன்றம் கப்பலைப் பறிமுதல் செய்து, அதிலிருந்தவர்களை விடுவித்தது. பின்வந்த பல்லாண்டுகளில் 80,000-க்கும் மேற்பட்டோர் அவ்வாறு இந்நகரில் இறக்கப்பட்டனர்.

துறைமுகக் கரையில் 1818-இல் கட்டப்பட்ட கற்படிகள் இன்றும் உள்ளன. ‘போர்த்துகீசியப் படிகள்’ என்று மக்கள் அழைத்தாலும், அவற்றைக் கட்டியவர் பிரிட்டிஷ் ஆளுநர் சார்ல்ஸ் மெக்கார்த்தி. அங்கிருந்து சற்றுத் தொலைவில், இன்று கானாட் மருத்துவமனை உள்ள இடத்தில், ‘அரசர் முற்றம்’ என்னும் மதில் சூழ்ந்த வளாகம் இருந்தது. விடுவிக்கப்பட்டவர்கள் அங்கேயே தங்கவைக்கப்பட்டனர். நோயுற்றோர்க்கு மருத்துவம் பார்க்கப்பட்டது. 1817-ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டுடன் அவ்வளாகத்தின் வாயில் இன்றும் நிற்கிறது. ஆப்பிரிக்கர்களை அடிமைத்தனத்திலிருந்து மீட்டது பிரிட்டிஷாரின் வீரமும் அருளும் என்று அக்கல்வெட்டு பெருமை பேசுகிறது.

அக்கல்வெட்டு சொல்லாத செய்திகளும் உண்டு. விடுவிக்கப்பட்டவரின் பெயர், பால், வயது, உயரம், உடல் அடையாளங்கள் ஆகியவை பதிவேட்டில் எழுதப்பட்டன. அவர்கள் மொழி அறியாத எழுத்தர், காதில் விழுந்தபடி பெயரை எழுதினார். தோட்டப் பதிவேடுகளிலும் பிறப்புச் சான்றிதழ்களிலும் சிதைந்து கிடக்கும் நம் முன்னோர் பெயர்களைக் கண்டவர்க்கு இது புதிதன்று. ஆயினும், அப்பதிவேடுகள் விலைமதிப்பற்றவை. கப்பலில் வெறும் எண்ணிக்கையாக இருந்தவர்கள், அத்தாள்களில்தான் பெயருடைய மனிதராகின்றனர்.

பதிவுக்குப் பின் அவர்கள் விரும்பிய இடத்திற்குச் செல்ல இயலவில்லை. 1807-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவர்களைப் படையில் சேர்க்கலாம். அல்லது 14 ஆண்டுகள் வரை ஒருவரிடம் ‘தொழில் பயிலுநராக’ ஒப்படைக்கலாம். பெயர்தான் பயிலுநர், பலருக்கு அது கூலியில்லா உழைப்பாகவே இருந்தது. ஏனையோர் சிற்றூர்களில் குடியமர்த்தப்பட்டனர். ரீஜென்ட், கிளௌசெஸ்டர், வாட்டர்லூ, ஹேஸ்டிங்ஸ் என்னும் பெயர்கள் அவ்வூர்களுக்குச் சூட்டப்பட்டன.

1841 முதல் மற்றொரு வழியும் திறந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஃபிரீடவுனில் இறக்கப்பட்டவர்களில் பல ஆயிரம் பேர் ஜமைக்கா, டிரினிடாட், கயானா ஆகிய இடங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக மீண்டும் கப்பலேற்றப்பட்டனர். 1838 முதலே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கயானாவுக்குச் செல்லத் தொடங்கியிருந்தனர். பின்னர் நம் தமிழரும் அவ்வாறே சென்றனர். அதே ஒப்பந்த முறை மலாயாவிலும் நுழைந்தது. சஞ்சிக்கூலி என்னும் சொல்லைப் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு வளர்ந்த நமக்கு, ஃபிரீடவுனின் கதை வேற்றார் கதை அன்று.

மலையடிவாரத்தில் ஒரு கல்லூரி

பல திசைகளிலிருந்து வந்து, பல மொழிகள் பேசி, உற்றாரை இழந்து நின்ற இம்மக்களை ஒரு சமுதாயமாக்கியது கல்வி.

1827-ஆம் ஆண்டு கிறித்துவத் திருச்சபைச் சங்கம் ஒன்று ஃபூரா பே கல்லூரியைத் தொடங்கியது. அதன் முதல் மாணவர்களுள் ஒருவர் அஜாயி என்னும் யொருபா இளைஞர். இன்றைய நைஜீரியாவில் பிறந்த அவர், 1821-இல் சிறுவனாக இருந்தபோது பிடிக்கப்பட்டு விற்கப்பட்டார். 1822-இல் அவரை ஏற்றிச் சென்ற கப்பலைப் பிரிட்டிஷ் கடற்படை பிடித்து ஃபிரீடவுனுக்குக் கொண்டுவந்தது. அங்கே எழுத்தறிந்து, சாமுவேல் அஜாயி கிரௌத்தர் என்னும் பெயர் பெற்றார். பயின்ற கல்லூரியிலேயே ஆசிரியப் பணியும் ஆற்றினார். 1864-இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயர் ஆனார். யொருபா மொழிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதி, அம்மொழியில் விவிலியம் பெயர்க்கவும் தலைமை தாங்கினார். பிரிந்து 25 ஆண்டுகள் கழித்து, 1846-இல் தம் தாயை அவர் மீண்டும் கண்டார்.

தமிழாசிரியராகிய நமக்கு இக்கல்லூரியைப் பற்றிய மற்றொரு செய்தி சுவையாக இருக்கும். அங்கே பணியாற்றிய சிகிஸ்முண்டு கோலே என்னும் செர்மானிய அறிஞர், நகரிலும் சிற்றூர்களிலும் வாழ்ந்த மீட்கப்பட்ட மக்களை அழைத்து, ஏறத்தாழ 280 சொற்களுக்கு அவரவர் தாய்மொழியில் என்ன பெயர் என்று கேட்டு எழுதினார். 150-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மொழிகளும் கிளைமொழிகளும் அவ்வாறு தொகுக்கப்பட்டு 1854-இல் நூலாயின. ஆப்பிரிக்க மொழியியலின் அடிப்படை நூல்களுள் அதுவும் ஒன்று. கண்டத்தின் இத்தனை மொழிகளை ஒரே நகரில் கேட்க முடிந்ததற்குக் காரணம் அடிமைக் கப்பல்கள் என்பதை எண்ணும்போது, அந்நூலின் ஒவ்வொரு சொல்லும் ஒரு வீட்டை இழந்த ஒருவரின் வாயிலிருந்து வந்தது என்பது புலனாகும்.

இம்மக்கள் தம்முள் பேசிக்கொள்ளப் புதிய மொழி ஒன்றும் உருவாயிற்று. அதுவே கிரியோ. ஆங்கிலச் சொற்கள் மிகுதியாகவும், யொருபா முதலிய ஆப்பிரிக்க மொழிகளின் கூறுகள் கலந்தும் அமைந்தது. ‘உடல் நலமா?’ என்று கேட்க ‘ஹௌ டி பாடி?’ என்பர். கிரியோ இனத்தவர் நாட்டு மக்களில் மிகச் சிறுபான்மையினரே. ஆயினும், அவர்கள் மொழியே இன்று சியரா லியோன் முழுவதும் மக்களை இணைக்கும் பொதுமொழியாக விளங்குகிறது. கிறித்துவரேயன்றி யொருபா வழிவந்த முசுலிம்களும் இச்சமுதாயத்தில் உள்ளனர்.

கல்லூரியின் பழைய கட்டடம் கிளைன் டவுன் பகுதியில் 1840-களில் செந்நிறக் கற்களால் எழுப்பப்பட்டது. பிடிபட்ட அடிமைக் கப்பல்களின் மரங்கள் அதன் கூரைக்கும் பயன்பட்டதாகச் சொல்லப்படுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் இங்கு வந்து பயின்றனர். இங்கு பட்டம் பெற்ற ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் இதழாளர்களும் கரையோர நாடுகளெங்கும் பணியாற்றினர். ‘மேற்கு ஆப்பிரிக்காவின் ஏதென்சு’ என்று இந்நகரம் போற்றப்பட்டது. இன்று கல்லூரி மலையுச்சியில் புதிய வளாகத்தில் இயங்குகிறது. பழைய கட்டடமோ 1999-இல் தீப்பற்றி, கூரையிழந்து, சுவர்கள் மட்டுமே எஞ்சிய நிலையை அடைந்தது. அதனையும், அரசர் முற்றத்தின் வாயிலையும், பன்ஸ் தீவையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தன் உத்தேசப் பட்டியலில் அந்நாடு 2012-இல் சேர்த்தது.

நகருக்கு வெளியே விடுதலை

இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். விடுதலை நகரின் எல்லை சிறியது. 1896-இல் உள்நாட்டுப் பகுதியைப் பிரிட்டிஷார் தம் காப்பாட்சியின்கீழ்க் கொண்டுவந்தனர். வீட்டுக்கு வீடு வரி விதித்ததால் 1898-இல் பை புரே என்னும் தலைவர் வடபகுதியில் ஆயுதம் ஏந்திப் போரிட்டார். இறுதியில் பிடிபட்டு நாடு கடத்தப்பட்டார்.

அவ்வுள்நாட்டுப் பகுதியில் பரம்பரை அடிமைமுறை நெடுங்காலம் நீடித்தது. சட்டப்படி அது ஒழிந்த நாள் 1928 சனவரி முதல் நாள். அதாவது, இலவ மரத்தடியில் நன்றி கூறப்பட்டு 136 ஆண்டுகள் கழிந்த பின்னரே, அதே நாட்டின் உள்பகுதி மக்கள் சட்டத்தின் கண்ணில் விடுதலை பெற்றனர். நாடு முழுமைக்கும் அரசியல் விடுதலை 1961 ஏப்ரல் 27-ஆம் நாள் கிடைத்தது. சர் மில்டன் மார்காய் முதல் பிரதமரானார்.

அண்மைக்காலத் துயரங்கள்

விடுதலைக்குப் பின்னும் நகருக்கு ஓய்வில்லை. 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர் நாட்டை உலுக்கியது. 1999 சனவரி 6-ஆம் நாள் கிளர்ச்சிப் படையினர் நகருக்குள் நுழைந்து, எண்ணற்றோரைக் கொன்றனர். பலரின் கைகளை வெட்டினர். போருக்குப் பின் நகரில் அமைக்கப்பட்ட சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகளை விசாரித்தது. 2014-இல் எபோலா நோய் பரவியது. நாட்டில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர். விடுவிக்கப்பட்டவர்க்கு அன்று மருத்துவம் பார்த்த அதே இடத்தில் நிற்கும் கானாட் மருத்துவமனையில், மருத்துவரும் தாதியரும் தம் உயிரைப் பணயம் வைத்துப் பணியாற்றினர். 2017 ஆகஸ்டு 14-ஆம் நாள், ரீஜென்ட் பகுதியில் மலைச்சரிவு இடிந்து விழுந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மண்ணில் புதைந்தனர். மலையின் மரங்களை வெட்டி வீடுகள் கட்டியது அப்பேரிடருக்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது.

இத்துயரங்களுக்கு இடையிலும் நகரத்தார் தம் வரலாற்றைக் காக்க முயல்கின்றனர். 1970-களில் மூடப்பட்ட பழைய இரயில்வேயின் இயந்திரங்கள், போர்க்காலத்தில் பட்டறைக்குள்ளேயே பாதுகாக்கப்பட்டன. 2005-இல் அப்பட்டறை இரயில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

2023 மே 24-ஆம் நாள் இரவு பெருமழையும் காற்றும் வீசின. பல நூறு ஆண்டுகள் நின்ற இலவ மரம் அன்று வீழ்ந்தது. அடிமரம் மட்டுமே எஞ்சியது. மறுநாள் மக்கள் கூட்டமாக வந்து பார்த்துக் கண்ணீர் விட்டனர். மூத்தோரை எண்ணி வழிபடும் இடமாகவும் அம்மரம் இருந்ததால், குடும்பத்துப் பெரியவர் ஒருவரை இழந்தாற்போல் அவர்கள் உணர்ந்தனர்.

ஆனால், அதற்கு முன்பே நகரில் ஒரு நற்பணி தொடங்கியிருந்தது. நகரத் தலைவர் இவோன் அகி-சாயர் அம்மையாரின் முயற்சியால், பத்து இலட்சம் மரங்களை நடும் திட்டம் 2020-இல் தொடங்கப்பட்டது. மரக்கன்றுகளை நட்டு வளர்க்கும் பொறுப்பை அந்தந்தப் பகுதி மக்களே ஏற்றனர். மலைச்சரிவில் மண் சரியாதிருக்க மரமே அரண் என்பதைத் துயரத்தின் வழி அவர்கள் கற்றிருந்தனர்.

நாம் அறிந்துகொள்ள வேண்டியது

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்பொழுது விடை காண்போம். ஃபிரீடவுனுக்கு விடுதலையைக் கொடுத்தவர் யார்? அரசர் முற்றத்துக் கல்வெட்டு ஒரு விடையைக் கூறுகிறது. அதில் உண்மை இல்லாமலில்லை. கடற்படை கப்பல்களைப் பிடிக்காவிடில், பல்லாயிரம் பேர் அடிமைகளாகவே மாண்டிருப்பர். ஆனால், சங்கிலியை அவிழ்ப்பது விடுதலையின் தொடக்கமே. நிலம், கூலி, பெயர், மொழி, கல்வி, தன்னாட்சி ஆகியவற்றை எவரும் அம்மக்களுக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. தாமஸ் பீட்டர்ஸ் கடல் கடந்து முறையிட்டார். ஐசக் ஆண்டர்சன் உயிரைக் கொடுத்தார். கிரௌத்தர் எழுதுகோலை எடுத்தார். பெயர் பதிவாகாத எத்தனையோ தாய்மார்கள், வேற்றுமொழி பேசிய அண்டை வீட்டுக்காரியுடன் பேசிப் பேசி ஒரு புதிய மொழியையே உருவாக்கினர். ஊருக்குச் சூட்டப்பட்ட பெயரை அதில் வாழ்ந்தவர்களே படிப்படியாக மெய்யாக்கினர்.

சஞ்சிக்கூலியாகவும் கங்காணி அழைத்து வந்த ஆளாகவும் இந்நாட்டில் கால் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். தோட்டத்து ஓலைக் கொட்டகையில் பள்ளி தொடங்கிய நம் முன்னோர், ஃபூரா பே கல்லூரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆயினும், இருவரும் ஒரே முடிவுக்கு வந்தனர்: பிள்ளை படித்தால்தான் குடும்பம் தலைநிமிரும். ஆகவே, உலக வரலாற்றைக் கற்பிக்கும்போது பேரரசர்களின் போர்களோடு நின்றுவிடாமல், இத்தகைய எளிய மக்களின் நகரங்களையும் நம் மாணவர்க்கு அறிமுகப்படுத்துவோம். வரைபடத்தில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஃபிரீடவுனைச் சுட்டிக்காட்டி, இந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஒரு வினாவைக் கேட்டாலே போதும். பாடம் தானே தொடங்கிவிடும்.

மீண்டும் மற்றொரு நகரின் வரலாற்றோடு சந்திப்போம்.